ஜி.ஐ. குழாய்க் காய்ச்சல், இரண்டு நிமோனியா, பட்டறை வாயுக்கள்: வெல்டருக்கு எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே போய்விடுகிறதா?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 20

என் தம்பிக்கு 34 வயது. பதினோரு ஆண்டுகளாக கிரில் கேட் பட்டறையில் வெல்டராக இருக்கிறான். கடந்த பதினான்கு மாதங்களில் இரண்டு முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் படுத்தான். பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் இரவே குளிர்காய்ச்சல் வந்தது. மறுநாள் மாலைக்குள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிட்டான். பட்டறை வாயுக்கள் அவனுடைய எதிர்ப்பு சக்தியை மொத்தமாக அழித்துவிட்டன என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். முதலாளி தினமும் ஒரு தம்ளர் பால் கொடுக்கிறார். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட எந்தப் பொடி நல்லது?

2024 ஜனவரி 20, இரவு

பொடி எதுவும் வேண்டாம். நான் 24 ஆண்டுகள் வெல்டிங் ஹோல்டர் பிடித்தவன். அதன் பிறகு வெல்டிங் பயிலும் பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு நோய்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போன குளிர்காய்ச்சல் ஒன்று. இரண்டு நிமோனியா மற்றொன்று. முதலாவதில் உடலின் எதிர்ப்பு அமைப்பு தேவையில்லாத இடத்தில் அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது. இரண்டாவதில் தேவையான இடத்தில் அது வேலை செய்யாமல் போயிருக்கலாம். இரண்டையும் "சக்தி குறைந்துவிட்டது" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுக்கும் தவறான மருந்தைத்தான் தேடுவோம்.

தம்பி அன்றைக்கு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வேலை பார்த்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 21

ஜி.ஐ. குழாய்தான் என்று பதில் வந்திருக்கிறது. அதுவும் ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் நாள் முழுவதும். அப்படியானால் அது வெல்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த புகைக் காய்ச்சல்.

குழாயின் மேலே பூசப்பட்ட துத்தநாகம் ஆர்க்கின், அதாவது வெல்டிங் மின்பொறியின், வெப்பத்தில் ஆவியாகி, காற்றில் பட்டவுடன் வெள்ளைப் புகையாகிறது. அதை இழுத்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வாயில் தகரத்தை நக்கியதுபோல் ஓர் இனிப்பு கலந்த சுவை மட்டும் இருக்கும். நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உடல்வலி, நடுக்கம், காய்ச்சல் எல்லாம் வரும்; ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும். இது கிருமியால் வருவதன்று. நுரையீரலில் காவல் இருக்கும் அணுக்கள் துத்தநாகத் துகளைக் கண்டவுடன் அபாயச் செய்தி அனுப்பும் புரதங்களைக் கொட்டுகின்றன. முதலில் டிஎன்எஃப், பின்னர் இன்டர்லூக்கின் 6, 8 ஆகியவை உயர்வதை நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அவற்றின் அழைப்பைக் கேட்டு வெள்ளணுக்கள் நுரையீரலுக்குள் திரளுகின்றன. இரத்தத்திலும் வெள்ளணு எண்ணிக்கை கூடுவதால், பரிசோதித்துப் பார்க்கும் மருத்துவர் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. என்ன வேலை பார்த்தேன் என்று நோயாளி சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வந்ததற்கும் காரணம் உண்டு. நாள்தோறும் இந்தப் புகையை இழுப்பவனின் உடல் இரண்டொரு நாளில் பழகிக்கொண்டு காய்ச்சலைக் காட்டாமல் விட்டுவிடுகிறது. விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மேல்நாட்டு ஆலைகளில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்பார்கள். எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மறுநாளும், தீபாவளி முடிந்தும், பொங்கல் முடிந்தும் வரும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, "ஞாயித்துக்கிழமையும் வந்து ரெண்டு ராடு எரிச்சுட்டுப் போடா தம்பி, திங்கக்கிழமை காய்ச்சல் வராது" என்பார். அனுபவத்தில் அது சரியாகவே இருந்தது. ஓய்வு நாளையும் புகைக்கே கொடுத்து உடம்பைக் காப்பாற்றிக்கொண்ட அந்த அறிவை நானும் சில ஆண்டுகள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2024 ஜனவரி 23

வேதியியல் ஆசிரியர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார்: துத்தநாகப் புகை வாயு அன்று, மிக நுண்ணிய திடத்துகள், கேள்வி வாயுவைப் பற்றியது. அவர் சொல்வது சரி. பட்டறையில் நாங்கள் எல்லாவற்றையும் "கேஸ்" என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வந்த குழப்பம் இது. ஆனால் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. துகளைத் தடுக்கும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாயுவையும் தடுத்துவிட்டதாக நம்புகிறவர்கள் ஏராளம். என்95 வகைக் கவசம் துத்தநாகப் புகையைப் பெருமளவு நிறுத்தும். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அதன் வழியே தாராளமாகப் போய்வரும். துண்டைக் கட்டிக்கொண்டால் இரண்டும் போகும்.

ஆகவே வெல்டரைச் சுற்றி உள்ள உண்மையான வாயுக்களைச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கின் புற ஊதா ஒளி காற்றிலுள்ள ஆக்சிஜனை உடைத்து ஓசோனாக்குகிறது. அலுமினியத்தை டிக் (டங்ஸ்டன் முனை) முறையில் பற்றவைக்கும்போது இது அதிகம். ஆர்க்கின் வெப்பமும், அதைவிட அதிகமாக அசிட்டிலீன் டார்ச்சின் பெரிய சுடரும், காற்றிலுள்ள நைட்ரஜனை எரித்து நைட்ரஜன் டை ஆக்சைடாக்குகின்றன. கரியமில வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் சிஓ2 வெல்டிங்கில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த திரவத்தால் துடைத்துவிட்டு, அது காயும் முன்பே ஆர்க் அடித்தால், முதல் உலகப் போரில் வீசிய பாஸ்ஜீனையே பட்டறைக்குள் கொஞ்சம் தயாரித்துக்கொள்ளலாம்.

2024 ஜனவரி 24

எந்த வாயு நுரையீரலில் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது, அது நீரில் எந்த அளவுக்குக் கரையும் என்பதே. அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் எளிதில் கரைபவை; மூக்கு, தொண்டை ஈரத்திலேயே பிடிபட்டு, கண்ணீரையும் இருமலையும் வரவழைத்து ஆளை வெளியே துரத்திவிடும். இவற்றை நான் யோக்கியமான வாயுக்கள் என்று வகுப்பில் சொல்வதுண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடும் பாஸ்ஜீனும் அப்படியல்ல. அவை அதிகம் கரையாதவை. எச்சரிக்காமல் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும்.

அந்தக் கடைசிக் காற்றறையில் சளியும் இல்லை, கிருமியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் இல்லை. அங்கே இருப்பது விழுங்கணுக்கள் என்ற காவல் மட்டும்தான். நாள் முழுவதும் உள்ளே வந்து சேரும் கிருமிகளையும் தூசியையும் அவை விழுங்கிச் செரிக்கின்றன. ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஆக்சிஜனேற்றம் செய்யும் வாயுக்கள் என்பதால், இந்த அணுக்களின் சவ்வைச் சிதைத்து அவற்றை மந்தப்படுத்துகின்றன. இறக்காத அணு விழுங்க மறுக்கிறது. விழுங்கினாலும் கொல்லத் தாமதிக்கிறது.

இது வெறும் கருத்தன்று. 1960-களில் சிகாகோவில் எலிகளை நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்த காற்றில் வைத்து, பிறகு நிமோனியாக் கிருமியைச் சுவாசிக்கச் செய்து பார்த்தார்கள். நல்ல காற்றில் இருந்த எலிகளைவிட வாயுவில் இருந்தவை அதிகமாக இறந்தன. ஓசோனை வைத்து மனிதத் தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளிலும், சில மணி நேரம் சுவாசித்த பிறகு எடுத்த விழுங்கணுக்களின் விழுங்கும் திறன் குறைந்திருந்தது.

2024 ஜனவரி 24, சற்றுக் கழித்து

எலிக்கு வந்தது எனக்கு வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழுதாகப் பொருத்திச் சொல்ல முடியாதுதான். ஆனால் வெல்டருக்கு எலி தேவையில்லை. வெல்டர்களின் மரணக் கணக்கே இருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன். இன்றைக்கு மின்தடை.

2024 ஜனவரி 26

பிரிட்டனில் தொழில்வாரியாக இறப்புக் காரணங்களைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். வெல்டர்கள் நிமோனியாவால் இறப்பது மற்றவர்களைவிட அதிகம் என்பது அந்த அட்டவணைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. முதலில் குடிப்பழக்கம், பீடி சிகரெட், வறுமை என்று காரணம் சொல்லிப் பார்த்தார்கள். 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று அந்த எண்களை வயதுவாரியாகப் பிரித்தபோது விஷயம் தெளிவானது: வேலை பார்க்கும் வயதில் இருந்த வெல்டர்களிடம்தான் அந்த மிகுதி இருந்தது, பணி ஓய்வு பெற்றவர்களிடம் இல்லை. பழக்கவழக்கம்தான் காரணம் என்றால் அது ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்திருக்க வேண்டும். 2003-ல் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வும், அண்மைக் காலத்தில் இரும்புப் புகை இழுத்தவர்களிடமே நிமோனியா மிகுந்திருந்ததைக் காட்டியது. முன்பு இழுத்து விட்டவர்களிடம் அந்த அபாயம் பெரிதாகத் தென்படவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: எதிர்ப்பாற்றல் ஒரேயடியாக அழிந்துபோகவில்லை, அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கையை எடுத்தால் எழுந்துகொள்கிறது. உங்கள் உறவினர் சொன்ன "மொத்தமாக அழித்துவிட்டன" என்பதில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுவே.

இந்தச் சான்றுகளை வைத்துத்தான் 2010-களின் தொடக்கத்தில் பிரிட்டன், வெல்டர்களுக்கு நிமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசியைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. நம் ஊரில் பெரியவர்களுக்கான அந்த ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. இரண்டு முறை நிமோனியா வந்தவர் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்பது, பொடி வாங்குவதைவிடப் பயனுள்ளது.

2024 ஜனவரி 27

வேதியியல் ஆசிரியர் விடுவதாக இல்லை. நேற்று நான் சொன்ன பிரிட்டன் ஆய்வு இரும்புப் புகையைப் பற்றியது, வாயுவைப் பற்றியது அன்று என்கிறார். மறுபடியும் அவர் சொல்வது சரி. வெல்டரின் மூக்குக்கு வருவது கலவை. அதில் ஓசோனின் பங்கு எவ்வளவு, இரும்பின் பங்கு எவ்வளவு என்று யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. கிருமிகள் வளர இரும்பு தேவை. அதனால் உடல் இரும்பை எப்போதும் பூட்டியே வைத்திருக்கும். வெல்டர் அதை நுரையீரலுக்குள் இறக்கிக்கொடுக்கிறார். வாயு காவலாளியை மயக்குகிறது, இரும்பு திருடனுக்குச் சோறு போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 2

பால் பற்றி எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். துத்தநாகத்தைப் பால் முறித்துவிடும் என்பது நம்பிக்கை; தூசி வேலைக்கு வெல்லமும், சில இடங்களில் வாழைப்பழமும் கொடுப்பார்கள். பால் போவது இரைப்பைக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதற்கு வழியே இல்லை. வெல்லத்தைப் பற்றி லக்னோவில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்திருக்கிறது, சிறிது பயன் தெரிந்தது என்பதும் உண்மை; ஆனால் அது தூசியைப் பற்றியது, எலியைப் பற்றியது.

பால் கொடுக்கும் முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பாலுக்கான செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு ஆட்களுக்கு ஓராண்டு வாங்கிய பாலின் விலையில் நல்ல உறிஞ்சு விசிறியும் குழாயும் போட்டிருக்கலாம். அதைச் சொன்னதற்கு, "விசிறிக்குக் கரண்டு பில் யாருப்பா கட்டுறது?" என்ற பதில் வந்தது.

2024 பிப்ரவரி 3

நேற்று எழுதியதை இரவில் மறுபடி யோசித்தேன். பாலினால் எங்களுக்கு ஒரு நன்மை நடந்தது. காலை பத்தரைக்கும் மாலை நாலுக்கும் பால் வரும். ஹோல்டரை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்காருவோம். அந்த இருபது நிமிடமும் நாங்கள் இழுத்தது நல்ல காற்று. பால் நிறுத்தப்பட்ட இடங்களில் அந்த ஓய்வும் நிறுத்தப்பட்டது. ஆகவே பாலைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். மரத்தடியைத் திட்டவில்லை.

2024 பிப்ரவரி 9

நைட்ரஜன் டை ஆக்சைடைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. 1997-ல் ஒரு ஃபேப்ரிகேஷன் கூடத்தில் பெரிய கலனுக்குள் இறங்கி, வளைந்த தகட்டை டார்ச்சால் சூடாக்கி நிமிர்த்தும் வேலை. நானும் என்னைவிட இரண்டு வயது இளைய ஒருவரும் மாறி மாறி உள்ளே போனோம். அவர் முறை நீண்டுவிட்டது; ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தவர் இலேசாக இருமினார், டீ குடித்தார், என்னோடு சைக்கிளில் வீடு வரை பேசிக்கொண்டே வந்தார். இரவு பதினொன்றரைக்கு அவருடைய அண்ணன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்க முடியாமல், வாயில் நுரையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பணியில் இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, இதய நோய் இருக்கிறதா என்பது. டார்ச் வேலையைப் பற்றி நான் சொன்ன பிறகுதான் பெரிய மருத்துவருக்கு ஆள் அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெரிய மருத்துவர் ஒன்று சொன்னார்: இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடியும் மூச்சுத்திணறல் வரலாம், வந்தால் ஓடி வரவேண்டும். வந்தது, இருபத்து நான்காம் நாள். முதல் முறை வாயு நேரடியாகச் சுட்ட புண். இரண்டாம் முறை அந்தப் புண்ணை ஆற்ற வந்த உடலின் அழற்சியே நுண்ணிய மூச்சுக்குழாய்களை அடைத்துக்கொண்டது என்று விளக்கினார். ஸ்டீராய்டு கொடுத்து மீட்டார்கள்.

தீவனக் குதிரில் இறங்கும் விவசாயிகளுக்கு இதே நோய் வருவதை அமெரிக்காவில் 1956-லேயே விவரித்து எழுதியிருக்கிறார்கள். குதிருக்குள் புளிக்கும் தீவனம் அதே வாயுவை உண்டாக்குகிறது. எங்கள் கூடத்தில் அப்படி ஒரு வாயு உண்டாகும் என்பதே யாருக்கும் தெரியாது. அவர் ஆறு மாதம் கழித்து வேறு தொழிலுக்குப் போய்விட்டார். நான் ஏன் தொடர்ந்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த நாள் சம்பளம் இருந்தது, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தம்பிக்கு இரத்தச் சர்க்கரை பார்த்ததில், வெறும் வயிற்றில் 212. இதுவரை தெரியாமலே இருந்திருக்கிறது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை.

இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான்கு வாரங்களாக வாயுவையும் இரும்பையும் பற்றி எழுதிக் குவித்த நான், இரண்டு நிமோனியா என்றவுடன் எந்த மருத்துவரும் தேடும் முதல் காரணத்தைக் கேட்கவே இல்லை. கட்டுப்படாத சர்க்கரையே வெள்ளணுக்களை மந்தப்படுத்தும். காசநோய்க்கும் வழி திறக்கும். கையில் சுத்தியல் இருப்பவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஆணி; என் கையில் இருந்தது வெல்டிங் ஹோல்டர்.

அதனால் வாயுவை விடுவித்துவிடலாமா என்றால், முடியாது. சர்க்கரையும் புகையும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. சர்க்கரை மாத்திரை தொடங்கியவர் அதே ஷட்டர் இறங்கிய கடைக்குள் வேலையைத் தொடர்ந்தால் பாதி சிகிச்சைதான் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி என்பதையும் இப்போதுதான் சொல்கிறார்கள்.

2024 பிப்ரவரி 19

எந்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி தெரியும் என்று கேட்கிறார்கள். "இம்யூனிட்டி பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பரிசோதனைகளில் நுரையீரல் விழுங்கணுவின் நிலை தெரியாது. அது இரத்தத்தில் ஓடும் அணு அன்று. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையும், மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று காட்டும் கையடக்க பீக் ஃப்ளோ மீட்டரும் பயன்படும். நாளுக்கு நான்கு முறை வீதம் நான்கு வாரம் ஊதி, வேலை நாள் எண்ணையும் விடுமுறை நாள் எண்ணையும் ஒப்பிட்டால், மூச்சுக்குழாயைச் சுருக்குவது வேலையா வேறு ஏதாவதா என்பது கோடாகவே தெரிந்துவிடும்.

2024 மார்ச் 3

பெயின்டர் ஒருவர், நீங்கள் வெல்டரைப் பற்றியே பேசுகிறீர்கள், அதே பட்டறையின் பின்பக்கம் ஸ்பிரே அடிக்கும் எங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. அவருக்கு நேரும் கேடு வேறு வகை. எனக்கு அது வெல்டிங்கைவிடப் பயமாக இருக்கிறது.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்டின் கெட்டிப்படுத்தும் திரவத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் மூலக்கூறு உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பு அமைப்பின் கண்ணில் அந்நியனாகத் தெரியத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நாள் ஆஸ்துமா தொடங்கும். அதன் பிறகு மிகச் சிறிய அளவே போதும். பக்கத்துத் தெருவில் யாரோ அடித்தாலும் மூச்சு இழுக்கும். வெல்டரின் விழுங்கணுக்கள் ஓய்வில் மீளுகின்றன. இவருடைய எதிர்ப்பு அமைப்போ மறக்காது. சக்தி "குறைந்தவர்" என்று இவரைச் சொல்லவே முடியாது. நினைவாற்றல் மிகுந்துபோனதே இவருடைய நோய். இவருக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பொடி கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீதைல் ஐசோசயனேட்தான். பெயின்டில் இருப்பது அதுவன்று, வேறு உறுப்பினர். பெயரைக் கேட்டு அலற வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

தின்னர் மற்றொரு கவலை. அதில் பென்சீன் கலந்திருந்தால் அடி வாங்குவது நுரையீரல் அன்று, வெள்ளணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜை. சீனாவின் தியான்ஜின் நகரில் செருப்பு ஆலைத் தொழிலாளர் 250 பேரையும் பென்சீன் படாத 140 பேரையும் ஒப்பிட்டு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சட்டம் அனுமதித்த 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கும் கீழே இருந்தவர்களிடமே வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. எதிர்ப்பு சக்தி "குறைந்துவிட்டது" என்ற சொல் எழுத்துப்படி பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான். சாதாரண இரத்த அணு எண்ணிக்கைச் சோதனை உண்மையாகப் பயன்படுவதும் இவர்களுக்குத்தான். கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னரால் கழுவும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அது தோல் வழியாகவும் போகும்.

2024 மார்ச் 5

கபசுரக் குடிநீர் குடித்தால் என்ன என்று கேட்டவருக்கு: 2020-ல் நானும் வரிசையில் நின்று குடித்தவன். அதைக் குடித்துவிட்டு வந்து அதே புகையில் உட்கார்ந்தால், புகை கசப்பைப் பார்த்துப் பயப்படாது.

2024 மார்ச் 16

சட்டத்தைக் கேட்கிறார்கள். இங்கே சொல்வது 2024 நிலவரம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், போபாலுக்குப் பிறகு 1987-ல் செய்த திருத்தம் காற்றில் அனுமதிக்கப்பட்ட வாயு அளவுகளுக்கு ஓர் அட்டவணையைச் சேர்த்தது. எட்டு மணி நேரச் சராசரியாக நைட்ரஜன் டை ஆக்சைடு 3 பிபிஎம், ஓசோன் 0.1 பிபிஎம், வெல்டிங் புகை ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு 2012-ல் நைட்ரஜன் டை ஆக்சைடுக்குப் பரிந்துரைத்த அளவு 0.2 பிபிஎம், நம் அட்டவணை அதைப்போல் பதினைந்து மடங்கு. வெல்டிங் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-ல் முடிவு செய்தது. அந்தப் புகைக்கும் நம் அட்டவணையில் இருப்பது பழைய எண்தான். அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் நைட்ரஸ் புகை நஞ்சும் பென்சீன் நஞ்சும் இருக்கின்றன. 1997-ல் என் கூட்டாளிக்கு வந்ததை யாரும் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. தம்பியின் பட்டறையில் நான்கு பேர். எண் எதுவாக இருந்தாலும் அளக்க யாரும் வரப்போவதில்லை.

2024 மார்ச் 17

அளக்க யாரும் வராத இடத்தில் செய்யக்கூடியவற்றை, என் வகுப்பில் சொல்லும் வரிசையில் இல்லாமல், பயன் அதிகம் கண்ட வரிசையில் எழுதுகிறேன். ஷட்டரை முழுவதும் ஏற்றுங்கள். முடிந்தால் வேலையையே வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஜி.ஐ. குழாயில் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி ஓர் அங்குலமாவது துத்தநாகத்தைக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போது கவசம் வேண்டும். புகைத்தூணுக்கு நேர் மேலே தலையை நீட்டாதீர்கள். குனியும் கோணத்தைச் சற்று மாற்றினாலே இழுக்கும் புகை பெரிதும் குறையும். உறிஞ்சு குழாய் வைப்பவர்கள் அதன் வாயை ஆர்க்குக்கு மிக அருகில் வைக்க வேண்டும். குழாயின் விட்டம் அளவுக்குத் தள்ளி வைத்தாலே இழுவிசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கூரையில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன், புகை உங்கள் மூக்கைக் கடந்த பிறகே அதைப் பிடிக்கிறது.

ஸ்டாண்ட் ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். உடம்பின் மறைவில் காற்று சுழன்று புகையை முகத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். பக்கவாட்டில் வைக்க வேண்டும். நான் பதினைந்து ஆண்டுகள் பின்னால்தான் வைத்திருந்தேன், சுகமாக இருந்தது.

2024 ஏப்ரல் 21

தம்பியின் பீக் ஃப்ளோ தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் வேலை நாள் மாலைகளில் 390, 400. ஞாயிறுகளில் 470-க்கு மேல். மூன்றாம் வாரத்திலிருந்து ஷட்டர் ஏற்றி, ஃபேன் திருப்பி, ஜி.ஐ. வேலையை வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு மாலை எண்கள் 440-ஐ ஒட்டி நிற்கின்றன. இரண்டு வாரத் தாளை வைத்து நான் துள்ளக் கூடாது. இதே வாரங்களில் பீடியையும் பாதியாகக் குறைத்திருக்கிறார் என்பதால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. தாளை அப்படியே நெஞ்சக மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கும் மற்ற நாளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது, புகைக் காய்ச்சலோடு தொழில்வழி ஆஸ்துமாவும் இருக்கிறதோ என்ற சந்தேகத்தை எனக்குக் கொடுக்கிறது. முதல் நாள் இரண்டு நோய் என்று எழுதியதை மூன்று என்று திருத்த வேண்டி வரலாம்.

2024 மே 12

மூன்றுதான். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நிமோகாக்கஸ் ஊசியும் போட்டாயிற்று, சர்க்கரை 130-க்கு வந்திருக்கிறது. முதலாளி உறிஞ்சு விசிறி வாங்க ஒப்புக்கொண்டாராம். ஆனால் இனிமேல் பால் கிடையாது என்றாராம். பத்தரைக்கும் நாலுக்கும் வெளியே போய் உட்காரும் பழக்கத்தை மட்டும் விட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.